கிரானைட் பள்ளங்களைச் சுற்றி ஓர் ஊர்: ஜாந்தியூ-பிஜெரோல்

பிரான்சின் நடுப்பகுதியில், க்ரூஸ் மாவட்டத்தின் தெற்கே, மில்வாஷ் பீடபூமியின் மேல் ஜாந்தியூ-பிஜெரோல் என்றொரு கொம்யூன் இருக்கிறது. அங்கு வாழ்பவர்கள் நானூறு பேருக்கும் குறைவு. ஆனாலும் அவர்கள் ஒரே ஊரில் கூடி வாழவில்லை. தேவாலயமும் நகராட்சி அலுவலகமும் உள்ள மைய ஊரைத் தவிர, செனுவே, பாலியே போன்ற குக்கிராமங்களில் சிதறி வாழ்கிறார்கள். கொம்யூன் என்பது பிரான்சின் ஆட்சியமைப்பில் மிகச் சிறிய அலகு. 1789 டிசம்பரில் புரட்சி அரசு பழைய தேவாலயப் பங்குகளின் எல்லைகளைப் பெரும்பாலும் அப்படியே ஏற்றுக்கொண்டு இவற்றை உருவாக்கியது. இன்றும் நாட்டில் ஏறத்தாழ 35,000 கொம்யூன்கள் உள்ளன. ஜாந்தியூவும் பிஜெரோலும் தனித்தனி கொம்யூன்களாக இருந்து, மக்கள்தொகை தேய்ந்த பின் 1970-களில் ஒன்றாக இணைக்கப்பட்டவை. பெயரின் நடுவில் உள்ள இணைப்புக்கோடு அந்த வரலாற்றின் தழும்பு.

கோட்டைகளுக்கும் திராட்சைத் தோட்டங்களுக்கும் பெயர்போன நாட்டில் இந்த ஊரைப் பற்றி நான் ஏன் எழுத வேண்டும்? முதன்முறை இந்தப் பக்கம் வருபவர்கள் சாலையின் இருபுறமும் ஓங்கி நிற்கும் இருண்ட ஊசியிலைக் காட்டைப் பார்த்து, இது ஆதிகாலத்திலிருந்து மனிதர் கைபடாத காடு என்றே நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் அந்த நிலத்தில் எல்லாவற்றுக்கும் பின்னால் வந்து சேர்ந்தது அந்தக் காடுதான். அதன் அடியில் வேறொரு ஊரின் வரைபடம் இருக்கிறது. பாறையும் நீரும் வகுத்துக் கொடுத்த அந்த வரைபடத்தைப் படிக்கத் தெரிந்துவிட்டால், இங்கே வீடுகள் ஏன் இந்த இடத்தில் நிற்கின்றன, வயல் ஏன் அந்தச் சரிவில் இருந்தது, ஆட்கள் ஏன் போனார்கள், மரங்கள் ஏன் வந்தன என்பதெல்லாம் ஒன்றிலிருந்து ஒன்றாக விளங்கத் தொடங்கும்.

பிரெஞ்சு தேசியப் புவியியல் நிறுவனம் வெளியிடும் 1:25,000 அளவிலான வரைபடத்தை விரித்துப் பார்த்தால் ஓர் ஒழுங்கு உடனே கண்ணில் படும். சமவுயரக் கோடுகள் நெருக்கமாக ஓடும் செங்குத்தான மலை எதுவும் இல்லை. உச்சி மழுங்கிய குன்றுகளும், அவற்றுக்கிடையே தட்டையான அடித்தளம் கொண்ட பள்ளங்களும் மாறிமாறி வருகின்றன. பள்ளத்தின் அடியில் சதுப்பைக் குறிக்கும் நீலக் கீற்றுகள். குன்றின் மேல் பச்சை நிறக் காடு. குக்கிராமங்கள் இவ்விரண்டுக்கும் நடுவே, சரிவின் கீழ்ப்பாதியில், ஊற்று வெளிப்படும் மட்டத்தை ஒட்டி அமைந்திருக்கின்றன. பள்ளத்தின் அடியில் எவரும் வீடு கட்டவில்லை, குன்றின் உச்சியிலும் கட்டவில்லை. இதற்கான காரணத்தை அறியப் பாறையிலிருந்து தொடங்க வேண்டும்.

இந்தப் பீடபூமி முழுவதும் பெரும்பாலும் கிரானைட். ஏறத்தாழ 30 கோடி ஆண்டுகளுக்கு முன், ஐரோப்பாவின் பழைய மலைத்தொடர் ஒன்று உருவான காலத்தில், பூமியின் ஆழத்தில் மெல்லக் குளிர்ந்து இறுகிய பாறை இது; மேலே இருந்த மலை தேய்ந்து மறைந்தபின் வெளியே வந்தது. கிரானைட் என்றதும் அசைக்க முடியாத உறுதியை நினைப்போம். ஆனால் இங்கே சாலையோரம் மண் வெட்டப்பட்ட எந்த இடத்திலும் கையை வைத்துப் பாருங்கள். பார்வைக்குப் பாறையாகவே தெரியும்; கருப்பும் வெள்ளையுமான பொட்டுகள் அப்படியே இருக்கும்; விரலால் அழுத்தினால் கரகரவென்று உதிர்ந்து உள்ளங்கையில் பருமணலாக நிற்கும். மழைநீர் பாறையின் வெடிப்புகள் வழியாக இறங்கி, அதிலுள்ள ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமத்தைக் களிமண்ணாக மாற்றுகிறது. கரு அபிரகம் ஊறி விரிந்து பக்கத்துத் துகள்களை நெம்பித் தள்ளுகிறது. குவார்ட்ஸ் மட்டும் மாறாமல் மணலாக மிஞ்சுகிறது. வெடிப்புகள் நெருக்கமாக இருந்த இடத்தில் பாறை ஆழம்வரை இப்படி மணலாகிவிட்டது. வெடிப்புகள் விலகியிருந்த இடத்தில் நடுக்கட்டி தப்பித்து, உருண்ட பாறைகளாகக் குன்றின் மேல் குவிந்து கிடக்கிறது.

உதிர்ந்த மணல் இருந்த இடம் எளிதாக அரிக்கப்பட்டுப் பள்ளமானது. கடைசிப் பனியுகத்தில் இந்தப் பீடபூமியின் மண் ஆண்டின் பெரும்பகுதி உறைந்தே கிடந்தது. கோடையில் மேலடுக்கு மட்டும் இளகி, நீரில் ஊறிய மணல் சரிவில் மெல்ல வழிந்து பள்ளத்தின் அடியை நிரப்பித் தட்டையாக்கியது. இவ்வாறு உருவானவை விளிம்பு உயர்ந்த அகன்ற தாம்பாளங்களைப் போன்ற பள்ளங்கள். ஒவ்வொன்றுக்கும் நீர் வெளியேறக் குறுகலான ஒரே ஒரு வாய். அந்த வாயைத் தாண்டினால் அடுத்த பள்ளம். இந்தப் பீடபூமி அமைந்துள்ள லிமூசான் வட்டாரத்தின் நிலத்தை ஆராய்ந்த புவியியலாளர்கள் இவற்றை ‘அல்வியோல்’ என்று அழைக்கிறார்கள். ஜாந்தியூவில் நடந்து போகும்போது நதிப் பள்ளத்தாக்கில் போகிறோம் என்ற உணர்வே வராது; ஒரு கூடத்தைக் கடந்து வாசல் வழியாக இன்னொரு கூடத்துக்குள் நுழைகிறோம் என்ற உணர்வே வரும். இந்த ஊரின் நிலவமைப்பில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

பள்ளத்தின் அடியில் களிமண் கலந்த மணல் தேங்கியிருப்பதால் நீர் வடிவதில்லை. நீர் வடியாத, குளிர்ந்த, அமிலத்தன்மை கொண்ட அந்த இடத்தில் ஸ்ஃபாக்னம் என்னும் பாசி வளர்கிறது. தன் எடையைப் போலப் பல மடங்கு நீரைத் தேக்கி வைத்துக்கொள்ளும் இந்தப் பாசி, அடியில் மடிந்துகொண்டும் நுனியில் வளர்ந்துகொண்டும் இருக்கிறது; மடிந்த பகுதி காற்றில்லாத நீருக்குள் மட்காமல் அமுங்கிப் பீட் என்ற கரும்பழுப்பு அடுக்காகிறது. அடுக்கு ஓர் ஆண்டில் ஒரு மில்லிமீட்டர் அளவுக்குக் கூட உயருமா என்பதே கேள்வி. பனியுகம் முடிந்த பிறகு தொடங்கிய இந்த வேலை இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. அண்டையிலுள்ள கொரேஸ் மாவட்டத்தில், வெசேர் நதி பிறக்கும் லோன்ஜெய்ரூ சதுப்பு சுமார் 250 ஹெக்டேர் பரப்புடையது. ஜாந்தியூவின் சதுப்புகள் அதைவிடச் சிறியவை. ஆனால் பள்ளத்துக்குப் பள்ளம் உண்டு.

அவற்றின் ஓரத்தில் குனிந்து பார்த்தால், பாசிமெத்தையின் மேல் விரல் நகத்தளவு சிவந்த வட்ட இலைகள் தரையோடு தரையாக விரிந்திருக்கும். இலை முழுவதும் மயிரிழைகள். ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு பசைத்துளி, நண்பகலிலும் உலராமல் மின்னும். இது ட்ரோசெரா என்னும் பூச்சியுண்ணும் செடி. இந்த மண்ணில் நைட்ரஜன் கிடைப்பது அரிது என்பதால், துளியை நீரென்று நம்பி வந்து அமரும் சிறு பூச்சிகளைப் பிடித்து அந்தக் குறையை ஈடுசெய்கிறது. பிரான்சில் இது சட்டப் பாதுகாப்புள்ள செடி, பறிக்கக் கூடாது. மண் எவ்வளவு ஏழ்மையானது என்பதை எந்த ஆய்வறிக்கையையும்விடத் தெளிவாக இந்த இலை சொல்லிவிடுகிறது. இதே மண்ணில்தான் ஓர் ஊர் பல நூற்றாண்டுகள் உழுது பிழைத்தது.

குளிரையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். மில்வாஷ் பீடபூமி 600 மீட்டரிலிருந்து 1,000 மீட்டருக்குச் சற்றுக் குறைவான உயரம் வரை எழுகிறது. அட்லாண்டிக் கடலிலிருந்து கிழக்கு நோக்கி வரும் மேகங்கள் முதலில் முட்டிக்கொள்ளும் உயர்நிலம் இதுவே என்பதால் மழை தாராளம்; குளிர்காலத்தில் அது பனியாக விழும். தெளிந்த இரவுகளில் குளிர்ந்த காற்று கனத்துச் சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கிவிடுவதால், குன்றின் மேல் இதமாக இருக்கும் அதே இரவில் பள்ளத்தின் அடியில் புல் உறைந்துபோகும். கோடை மாதங்களிலும் உறைபனி விழுவது உண்டு. குன்றின் உச்சியிலோ காற்றுக்கு மறைவில்லை, ஊற்றும் இல்லை. ஆகவே, உறைபனிக்கு மேலே, காற்றுக்குக் கீழே, ஊற்றுக்குப் பக்கத்தில் என்று தேடியவர்களுக்குக் கிடைத்த ஒரே இடம் சரிவின் அந்தக் குறுகிய பட்டைதான். குக்கிராமங்கள் அனைத்தும் அங்கே உட்கார்ந்திருப்பதன் காரணம் இதுவே.

வீட்டைச் சுற்றிய சரிவில் ரை தானியமும், பக்வீட்டும், பிற்காலத்தில் உருளைக்கிழங்கும் விளைந்தன. வீட்டுக்குக் கீழே புல்வெளி. அந்தப் புல்வெளிக்கு நீர் பாய்ச்சிய முறை எவரும் கவனித்துப் பார்க்க வேண்டிய ஒன்று. ஊற்றுக்கு அருகில் ஒரு சிறு குளம் வெட்டி, அதிலிருந்து ஏறத்தாழ மட்டமாகவே சரிவைச் சுற்றிக்கொண்டு ஓடும் ஒடுங்கிய வாய்க்காலை அமைத்தார்கள். ‘லெவாத்’ என்பது அதன் பெயர். வாய்க்காலின் கரையை அங்கங்கே ஒரு புல்கட்டியால் அடைத்தால் நீர் மெல்லிய தகடாகக் கீழ்ச்சரிவில் வழியும். கோடைத் தாகத்தைத் தீர்ப்பது இதன் ஒரு பயன். அதைவிட முக்கியமான பயன், பாறைக்குள்ளிருந்து வரும் ஊற்றுநீர் குளிர்காலத்திலும் உறையாமல் இருப்பதால், அது வழிந்தோடும் புல்வெளியில் பனி விரைவில் கரைந்து, மற்ற இடங்களைவிடச் சில வாரங்கள் முன்னதாகவே புல் தலைகாட்டியது. வைக்கோல் தீர்ந்துபோகும் குளிர்காலக் கடைசியில் ஒரு மாட்டின் உயிர் அந்தச் சில வாரங்களில் இருந்தது. இன்று பெரும்பாலான லெவாத்கள் தூர்ந்துவிட்டன. சாய்வெயில் விழும் மாலையில் சரிவின் குறுக்கே ஒரு மெல்லிய நிழற்கோடாகத் தெரிவது அவற்றின் தடம்.

வயலுக்கு மேலே, குன்று முழுவதும், ஹீத்தர் புதர்வெளி. ஆகஸ்டு மாதத்தில் ஊதா நிறத்தில் பூக்கும் இந்தக் குட்டைப் புதரை ஆடுகள் மேய்ந்தன. மிஞ்சியதை வெட்டித் தொழுவத்தில் பரப்பி, சாணத்தோடு சேர்த்து ரை வயலுக்கு உரமாக்கினார்கள். குன்றின் சத்தையெல்லாம் ஆடும் அரிவாளுமாகக் கீழே கொண்டுவந்து சிறு வயலில் சேர்த்த ஏற்பாடு அது. புதர்வெளி எந்தத் தனியாளுக்கும் சொந்தமாக இருக்கவில்லை. அது அந்தக் குக்கிராமத்தில் அடுப்பெரியும் எல்லா வீடுகளுக்கும் பொதுவானது. கொம்யூனுக்குக்கூடச் சொந்தமில்லாத, குக்கிராமத்தின் பொதுநிலம். ‘செக்சியோனோ’ என்று அழைக்கப்படும் இந்த உரிமை பிரெஞ்சுச் சட்டத்தில் இன்றளவும் நிலைத்திருக்கிறது. அதைப் பற்றிப் பின்னால் சொல்ல வேண்டியிருக்கிறது.

இவ்வளவு செய்தும் நிலம் எல்லோருக்கும் சோறு போடவில்லை. ஆனால் கிரானைட்டோடு பிறந்து வளர்ந்தவர்களுக்குக் கல் வேலை தெரிந்திருந்தது. ஆகவே க்ரூஸ் மாவட்டத்து ஆண்கள் ஒவ்வோர் ஆண்டும் மார்ச் மாதத்தில் கூட்டம் கூட்டமாகப் பாரிசுக்கும் லியோனுக்கும் கொத்து வேலைக்குப் போய், குளிர்காலத் தொடக்கத்தில் திரும்பினார்கள். உழவையும் கால்நடையையும் பெண்கள் பார்த்துக்கொண்டார்கள். இங்கிருந்து சற்று வடமேற்கே உள்ள சூப்ரபோ என்ற கொம்யூனில் 1815-இல் பிறந்த மார்த்தான் நதோ, 1830-இல் பதினான்கு வயதில் தந்தையோடு பாரிசுக்கு நடந்தே போய்க் கொத்தனாராகி, 1849-இல் நாடாளுமன்ற உறுப்பினரானவர். ரயில் வந்த பிறகு பருவப் பயணம் நிரந்தரக் குடிபெயர்வாக மாறியது. கொத்தனாரோடு குடும்பமும் போய்விட்டது. 1851-இல் 2,87,000 பேர் வாழ்ந்த க்ரூஸ் மாவட்டத்தில் இன்று 1,20,000 பேர்கூட இல்லை. ஜாந்தியூவில் இன்றும் நிற்கும் வீடுகளின் கல் செதுக்கு, வாசல் மேற்கல்லின் நேர்த்தி, மூலைக்கற்களின் பொருத்தம் ஆகியவற்றைப் பார்க்கும்போது, பாரிசில் கற்ற கையின் வேலை இந்தக் குளிர்ந்த சரிவுக்குத் திரும்பி வந்திருப்பது தெரிகிறது.

முதல் உலகப் போர் எஞ்சியவர்களையும் வாரிக்கொண்டு போனது. பிரான்சின் ஏறக்குறைய எல்லா கொம்யூன்களிலும் போர் நினைவுத்தூண் உண்டு. பெரும்பாலானவை தாய்நாட்டுக்காக உயிர்நீத்தவர்களைப் போற்றும் வாசகம் தாங்கியவை. ஜாந்தியூவில் 1922-இல் எழுப்பப்பட்டது வேறு. மரச்செருப்பும் பள்ளிச் சீருடையும் அணிந்த ஓர் அநாதைச் சிறுவன், ஒரு கையில் தொப்பியைப் பிடித்துக்கொண்டு, மறுகையை முட்டியாக மடக்கி நீட்டி, இறந்தவர்களின் பெயர்ப் பட்டியலுக்குக் கீழே செதுக்கியிருக்கும் ‘போர் நாசமாகப் போகட்டும்’ என்ற வாசகத்தைக் காட்டி நிற்கிறான். அரசு அதிகாரிகள் அதைத் திறந்துவைக்க மறுத்துவிட்டார்கள். இப்போது ஆண்டுதோறும், முதல் உலகப் போர் நின்ற நாளான நவம்பர் 11 அன்று, போரை எதிர்ப்பவர்கள் பல ஊர்களிலிருந்தும் அங்கே கூடுகிறார்கள். 1990-இல் அது வரலாற்றுச் சின்னமாகவும் பதிவானது. புவியியல் பற்றிய கட்டுரையில் இதற்கு இடம் ஏன் என்று கேட்கலாம். அந்தப் பட்டியலிலுள்ள ஒவ்வொரு பெயரும் ஒரு வயலை உழுத கை, ஒரு வாய்க்காலைத் தூர்வாரிய கை. அந்தக் கைகள் இல்லாமல்போனதும் நிலம் மாறத் தொடங்கியது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தப் பீடபூமியில் நூற்றுக்கு ஐந்து பங்கு நிலம்கூடக் காடாக இல்லை. பழைய நிழற்படங்களில் தொடுவானம்வரை மொட்டைக் குன்றுகள்; எங்கோ ஓர் ஆட்டு மந்தை, அதன் ஓரத்தில் ஒரு பெண். இன்று பீடபூமியின் பாதிக்கும் மேல் காடு. இந்த மாற்றத்தின் முன்னோடி மாரியூஸ் வசேய். 1881-இல் பிறந்து 1973 வரை வாழ்ந்த இவர், மேமக் நகரில் பணியாற்றிய வன அலுவலர். தொல்லியலிலும் ஈடுபாடு கொண்டவர். 1936-இல் கம்யூனிஸ்டு கட்சியின் சார்பில் நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். உழவர் தம் நிலத்தின் ஒரு பகுதியில் மரம் நட்டு, மீதியில் மேய்ச்சலைச் சீராக்கினால், மரம் ஒரு குடும்பச் சேமிப்பாக இருந்து அவரை ஊரிலேயே வாழவைக்கும் என்பது அவர் எண்ணம். அது நல்ல எண்ணம் என்றே நான் கருதுகிறேன். ஆனால் நடந்தது வேறு.

1946-இல் அரசு தேசிய வன நிதியத்தை ஏற்படுத்தி, மரம் நடுவோருக்கு மானியமும் கடனும் வரிச்சலுகையும் கொடுத்தது. அதற்குள் நிலத்துக்குச் சொந்தக்காரர்களில் பெரும்பாலோர் பாரிசிலோ லிமோஜிலோ வாழும் கொத்தனார்களின் பிள்ளைகளாகவும் பேரப்பிள்ளைகளாகவும் இருந்தார்கள். ஆள் இல்லாத நிலத்தில் ஆள் தேவைப்படாத பயிர் மரம் ஒன்றுதான். முதலில் ஸ்ப்ரூசும், பின்னர் வட அமெரிக்காவிலிருந்து வந்த டக்ளஸ் ஃபிர் மரமும் துண்டு துண்டாக, ஒவ்வொரு வாரிசின் பங்குக்கும் ஏற்ற வடிவத்தில் நடப்பட்டன. வானிலிருந்து எடுத்த படத்தில் காட்டின் விளிம்புகள் நேர்கோடுகளாகவும் செங்கோணங்களாகவும் தெரிவதற்குக் காரணம் அதுவே. பாகப்பிரிவினைப் பத்திரங்கள் மர வடிவில் வளர்ந்து நிற்கின்றன. குக்கிராமங்களின் பொதுப் புதர்வெளிகளிலும் பல, வன நிர்வாகத்தின் பொறுப்பில் இப்படியே நடப்பட்டன. ரை விளைந்த வயல், ஆடு மேய்ந்த குன்று, சில இடங்களில் வீட்டுச் சுவர்வரைக்கும் மரம் வந்துவிட்டது.

ஓங்கிய ஸ்ப்ரூஸ் தோப்புக்குள் நுழைந்தால் தரையில் செடி ஏதும் இருக்காது. உதிர்ந்த ஊசியிலைகளின் பழுப்புப் படுகை மட்டும். வெளிச்சம் தரைவரை வந்து சேர்வதில்லை. அங்கே சில சமயம் இடுப்பளவு உயரக் கற்சுவர் ஒன்று, எதையும் தடுக்காமல், மரங்களுக்கிடையே ஓடிக்கொண்டிருக்கும். அதுதான் முன்னர் வயலுக்கும் புதர்வெளிக்கும் நடுவே இருந்த வேலி. 1999 டிசம்பர் 27 அன்று வீசிய புயல் லிமூசானின் காடுகளைப் பெருமளவில் சாய்த்தது. ஒரே வயதில், ஒரே இனமாக, ஆழமில்லாத மணல்மண்ணில் நெருக்கி நடப்பட்ட மரங்கள் வரிசை வரிசையாக விழுந்தன. இப்போது, புயலுக்குத் தப்பியவை வெட்டும் வயதை எட்டிவிட்டன. நாற்பது ஐம்பது ஆண்டுகள் வளர்ந்த தோப்பைச் சில நாட்களில் இயந்திரங்கள் மொத்தமாக வெட்டி எடுத்துவிடுகின்றன. அடிக்கட்டைகளையும் சில இடங்களில் பெயர்த்துவிடுகிறார்கள். மீண்டும் டக்ளஸ் நடுகிறார்கள். சரிவில் மண் வெறுமையாகக் கிடக்கும் காலத்தில் பெய்யும் மழை, அந்தப் பருமணலைப் பள்ளத்தின் சதுப்புக்கும் ஓடைக்கும் கொண்டுவந்து கொட்டுகிறது. மொத்த வெட்டுக்கு எதிராகப் பீடபூமியில் ஆர்ப்பாட்டங்கள் நடக்கின்றன. மரத்தொழிலை நம்பியிருப்பவர்களும் அதே ஊர்களில்தான் வாழ்கிறார்கள் என்பதால் இது எளிதாகத் தீராது. என் மனம், தோப்பை ஒரேயடியாக அழிக்காமல், முதிர்ந்த மரங்களை மட்டும் தேர்ந்தெடுத்து வெட்டி, பீச், ஓக், பிர்ச் போன்ற இந்த மண்ணின் மரங்களையும் கலந்து வளர விடுபவர்கள் பக்கமே இருக்கிறது.

தண்ணீரின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மில்வாஷ் பீடபூமி பிரான்சின் நீர்த்தொட்டிகளில் ஒன்று; வடக்கிலும் மேற்கிலும் இறங்கும் வியென், க்ரூஸ், தோரியோன் போன்றவை லுவார் நதியைச் சேர்கின்றன; தெற்கே இறங்கும் வெசேர் போன்றவை தோர்தோன்ய் நதியை அடைகின்றன. தோரியோன் இந்தக் கொம்யூனின் உயர்நிலத்திலேயே பிறந்து, நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல் ஓடி, சான்-ப்ரீ-தோரியோன் என்ற ஊரில் வியென் நதியோடு கலக்கிறது. அது இன்னும் ஓடையாக இருக்கும் இடத்தில், செனுவே அருகே, புல்வெளி நடுவில் ஒற்றைக் கிரானைட் வளைவு நிற்கிறது. மக்கள் வாயில் அது ரோமானியப் பாலம். உண்மையில் ரோமானியர்களுக்குப் பல நூற்றாண்டுகள் பிற்பட்டது. இருபுறமும் தாங்கியிருந்த கட்டுமானம் போய்விட்டதால், எந்தச் சாலையோடும் ஒட்டாமல் வளைவு மட்டும் முதுகைக் காட்டி நிற்கிறது. இன்னும் கீழே தோரியோன் அணையில் தடுக்கப்பட்டு, அந்த நீர் நிலத்தடிக் குழாய் வழியாக வசிவியேர் ஏரிக்குத் திருப்பப்படுகிறது. 1950 வாக்கில் மின்சாரத்துக்காக உருவாக்கப்பட்ட ஆயிரம் ஹெக்டேர் ஏரி அது. சதுப்பில் பாசி சேர்த்து வைத்து மெல்ல விடும் நீரை, கீழே அணை சேர்த்து வைத்து விடுகிறது.

ஊர் அழிந்துகொண்டே இருக்கிறது என்று சொல்லி முடிப்பது எளிது. அது உண்மையும் அல்ல. 1970-களிலிருந்து வெளியிலிருந்து வந்து குடியேறியவர்கள் இங்கே கணிசமாக உண்டு. பக்கத்து கொம்யூனான ஃபோ-லா-மோன்தாஞ்சில் 1988 முதல் தொழிலாளர்களே நடத்தும் மர அறுவை நிறுவனம் ஒன்று, பீடபூமியின் மரத்தைப் பீடபூமியிலேயே அறுத்துப் பலகையாக்கி வீடுகள் கட்டுகிறது. 2004-இல் பீடபூமி முழுவதும் மண்டல இயற்கைப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. சில சதுப்புகளில் மண்டிய மரங்களை வெட்டியெடுத்து, வேலி கட்டி, ஆடு மாடுகளை மீண்டும் மேயவிடுகிறார்கள். மேய்ச்சல் திரும்பிய புதர்வெளிகளில் ஹீத்தர் மறுபடி அடர்ந்து பூக்கிறது.

இனி என்ன நடக்கும் என்பதை, பாறையோ பனியோ தீர்மானிக்கப் போவதில்லை. நிலம் யார் பெயரில் இருக்கிறது என்பது தீர்மானிக்கும். ஒரே குன்று பத்துப் பதினைந்து துண்டுகளாக, ஊரில் இல்லாத வாரிசுகளிடம் இருக்கிறது. சிலருக்குத் தமக்கு அங்கே நிலம் இருப்பதே தெரியாது. உரிமையாளர் இறந்து முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் எவரும் உரிமை கோராத நிலத்தை கொம்யூன் எடுத்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. 2013 மே 27-ஆம் நாளைய சட்டம், குக்கிராமங்களின் பழைய பொதுநிலங்களைக் கொம்யூனின் பெயருக்கு மாற்றுவதை எளிதாக்கியதோடு, புதிதாக அத்தகைய பொதுநிலம் உருவாவதையும் தடுத்துவிட்டது. ஆகவே நகராட்சி அலுவலகத்தில் நிலவரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு, துண்டுக்குத் துண்டு உரிமையாளரைத் தேடிக் கடிதம் எழுதுவது இத்தகைய கொம்யூன்களில் ஒரு முக்கியமான வேலையாகிவிட்டது. ஒரு துண்டு கைக்கு வந்ததும், அதில் மீண்டும் டக்ளஸ் நடுவதா, இளம் உழவர் ஒருவருக்கு மேய்ச்சலுக்குக் கொடுப்பதா, சதுப்பாகவே விட்டுவிடுவதா என்பதை, தெருவில் அன்றாடம் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளும் சில உறுப்பினர்கள் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து வாக்களித்து முடிவு செய்கிறார்கள்.